எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை

பிப்ரவரி 9, ஞாயிறு

விமான நிலையத்தில் என் வீட்டுக்காரர், கௌதமன் மாமா, வாங்கிக் கொடுத்த டைரி இது. "இங்கிலாந்து அனுபவங்களை எழுதி வை" என்றார். ஒன்றரை வருடமாகப் பெட்டியின் அடியில் கிடந்தது. இன்று எடுத்தேன். இங்கே டாக்டர்கள் ஏதாவது கெட்டது நடந்தால் அதைப் பற்றி யோசித்து ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். அதை யார் யாரோ படிப்பார்கள். தமிழில் எழுதினால் இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் சுஜா அக்கா ஒருவரால்தான் படிக்க முடியும். அவர் என் அறைக்கு வருவதில்லை.

நேற்று ஏழாவது வார்டில் ஹாலிவெல் என்ற பெரியவர் இறந்துபோனார். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. எழுபத்தெட்டு வயது. மதியம் 2.31க்கு எல்லோரையும் ஓடிவரச் சொல்லி அபாய அழைப்பு வந்தது. நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். மார்பை அழுத்துவதை 2.52க்கு நிறுத்தினோம்.

அதற்கு முன்பே அந்த வார்டிலிருந்து சுஜா அக்கா எனக்கு மூன்று முறை பேஜர் அடித்ததாகச் சொல்கிறார். எனக்கு எதுவும் வரவில்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்: பேஜர் கத்தவில்லை.

பேஜர் என்றால் அப்பா காலத்துச் சாமான் என்று ஊரில் சிரிப்பார்கள். இந்த ஆஸ்பத்திரியில் அது இன்னும் ராஜா. சுவர்கள் இரண்டடி கனம், பாதி வார்டுகளில் செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காது. அதனால் இடுப்பில் இந்தக் கறுப்பு டப்பி. நர்ஸ் வார்டு போனில் என் எண் 417ஐ அடித்து, தன் வார்டுப் போனின் நான்கு இலக்க எண்ணையும் அடிப்பார். டப்பி கத்தும், அந்த நான்கு இலக்கம் தெரியும். நான் பக்கத்தில் உள்ள போனைத் தேடி ஓடித் திருப்பிக் கூப்பிட வேண்டும். அதுவரை நர்ஸ் அந்தப் போனை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் என் அழைப்பு யாரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

பணி முடிந்தால் அதை மேசையில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. அடுத்த டாக்டர் வந்து கையில் வாங்க வேண்டும். அவர் வரும்வரை நான் அதற்குக் கட்டுப்பட்டவள். நேற்றுக் காலை எட்டரைக்கு வாங்கினேன். மதியத்துக்குள் நாற்பத்தாறு முறை கத்தியது. எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

விடுமுறை. துணி துவைத்தேன். விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு வாஷிங் மெஷின், அதற்கும் வரிசை. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடக்கிறது. ஹீட்டர் மேல் வைத்திருக்கிறேன்.

என் மகள் மிதுலாவின் ஐந்தாவது பிறந்த நாள் படங்களை மாமா அனுப்பியிருக்கிறார். மயில் நீலத்தில் பட்டுப் பாவாடை. ஒரு படத்தில் அவள் மெழுகுவத்தியை ஊதுகிறாள். அத்தை பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அந்தப் போனின் திரையில் நான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். நல்ல படம்.

அழித்துவிட்டேன். போனில் இடம் போதவில்லை.

பிப்ரவரி 12, புதன்

சுஜா அக்காவை மாடிப்படியில் பார்த்தேன். முழுப்பெயர் கிளாடிஸ் சுஜா, மார்த்தாண்டம் பக்கம். பத்தொன்பது வருடமாக இங்கே நர்ஸ். நான் வந்த முதல் வாரம் குளிரில் உதடு வெடித்து நின்றபோது, கேட்காமலே ஒரு டப்பா வாசலினும் ஒரு பொட்டலம் வாழைக்காய் வற்றலும் கையில் திணித்தவர். இன்று அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பெரியவருக்க மோள் புகார் எழுதிக் குடுத்திருக்கா மக்களே. அப்பன் செத்துட்டு இருக்கும்போ நர்ஸ் போனைப் பிடிச்சிட்டு சும்மா நின்னாளாம். நான் சும்மாவா நின்னேன்? நீ திருப்பி விளிப்பேன்னு நிக்கேன்."

"எனக்கு வரவேயில்லக்கா."

"அதுதான் எனக்கு வெப்ராளம், மனசு ஆறல்ல. மூணு மட்டம் அடிச்சேன் கேட்டியா. ரெண்டு எட்டு, ரெண்டு பன்னெண்டு, ரெண்டு பதினேழு. அதுக்குப் பொறவு பெரிய டாக்டருக்கு அடிச்சேன், அவரு கேசுவால்டில வேற ஒரு ஆளோட மல்லுக்கட்டிட்டு இருந்தாரு. உனக்க பேஜருல ஏதோ கேடு இருக்கு. அதைப் பாக்கச் சொல்லு."

பார்க்கச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

மேட்ரன் ஹெலன் ஒரு படிவம் கொடுத்தார். ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். பிப்ரவரி 8 மதியம் 2 முதல் 2.30 வரை உங்களுக்கு ஏதேனும் பேஜர் அழைப்பு வந்ததா?

எழுதினேன்: எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை.

பொய்யில்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

417ஐப் பரிசோதித்துவிட்டார்கள். அடித்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை இருபது இடத்தில் அடித்துப் பார்த்தார்களாம். இருபதுக்கு இருபது கத்தியிருக்கிறது. பாட்டரியும் புதிது. "உங்களுக்கு நல்ல செய்தி" என்று ஹெலன் என் தோளைத் தட்டினார்.

எப்படி நல்ல செய்தி என்று அவர் மேசை முன்னால் நின்றபடி கூட்டிப் பார்த்தேன். பேஜர் நன்றாக வேலை செய்கிறது. டாக்டருக்கு எதுவும் வரவில்லை. ஆகவே நர்ஸ் அடிக்கவில்லை. அடித்தது பதிவாகியிருக்குமே என்று கேட்டேன். இந்தப் பழைய யந்திரத்தில் யார் எப்போது அடித்தார் என்பது எங்கும் பதிவாகாது, அடுத்த வருடம் போனிலேயே வேறு ஏற்பாடு வரும் என்றார். ஆறு வருடமாக அடுத்த வருடம்தான் வந்துகொண்டிருக்கிறதாம்.

சுஜா அக்காவை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கீழே ஒரு அறையில் பழைய கோப்புகளை அடுக்க வேண்டும். பேஜரை எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 19, புதன்

மாமாவோடு பேசினேன். விசாவுக்கு எல்லாக் காகிதமும் தயாராம். என் ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது, அதை நீட்டித்துக் கடிதம் வந்தால் விண்ணப்பம் போட்டுவிடலாம். இங்கே பள்ளிக்கூடத்துக்கு என்ன நிறத்தில் சட்டை என்று மிதுலா தினமும் கேட்கிறாளாம்.

ஹாலிவெல் விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன். மாமா கோயம்புத்தூரில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர், தேதி கேட்காமல் எதையும் கேட்க மாட்டார்.

"எட்டாந்தேதியா? எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு மேல."

"நமக்கு ஏழரைக்கு மேல."

பின்னால் அத்தை குக்கரை அணைக்கும் சத்தம் கேட்டது.

"உன்னைய யாராவது கேட்டாங்களா?" என்றார் கடைசியில்.

"கேட்டாங்க. வரலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்ப வுடு தாரணி. நீயா ஒண்ணும் சொல்லிக்காத. மூணு வருசமா ஒவ்வொரு பரிச்சையா எழுதி அங்க போயிருக்கற. புள்ளைய நெனச்சுக்க."

பிள்ளையை நினைக்காமல் எதை நினைக்கிறேனாம். கோபமாக வந்தது. வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

பணி. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஐம்பத்தொரு முறை கத்தியது.

குளிக்கும்போதும் கத்துகிறது. வெளியே வந்து பார்த்தால் அது அடுத்த டாக்டரிடம் எங்கோ இருக்கிறது. என் இடுப்பு காலியாக இருக்கிறது, காது மட்டும் கேட்கிறது.

ஏழாவது வார்டில் இப்போது யார் பேஜர் அடித்தாலும் பக்கத்தில் ஒருவரைச் சாட்சிக்கு நிறுத்தி நேரம் எழுதிக்கொள்கிறார்கள். என்னிடம் எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். பாவம் புது டாக்டர், நர்ஸ் செய்த தப்புக்கு இவளைப் போட்டு வாட்டுகிறார்கள் என்று அவர்களுக்கு இரக்கம். வார்டுச் சமையலறைக் கிழவி ஒருத்தி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

ஊருக்கு ஓடிப்போகலாம் என்றால் ஓடிப்போன டாக்டர். இருந்தால் இப்படி. சொன்னால் மிதுலா வர முடியாது, சொல்லாவிட்டால் சுஜா அக்கா. எந்தக் கதவைத் தொட்டாலும் உள்பக்கம்தான் திறக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாற்பத்து நான்கு. எண்ணெய் உருகிவிட்டது. தலைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

சரி. எழுதிவிடுகிறேன். இது என் டைரி. இதில்கூட நடித்துக்கொண்டிருந்தால் நான் யார்?

போன வருடம் பிறந்த நாளுக்கும் வீடியோவில் போனேன். மிதுலா ஊதப் போகும் நேரத்தில் பேஜர் கத்தியது. "இதோ வந்துர்றேன் கண்ணு" என்று ஓடினேன். அரை மணி நேரம் கழித்து வந்தால் மெழுகுவத்தி உருகி கேக்கில் வழிந்திருந்தது. அம்மா வராமல் ஊத மாட்டேன் என்று பிள்ளை அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் அழைத்தாலும் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. நான்கு வயதுப் பிள்ளை, ஒரு வாரம்.

அதனால் இந்த வருடம் முன்யோசனையாக இருந்தேன்.

பேஜருக்கு ஒரே ஒரு பாட்டரி. அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு மூடிவிட்டால் டப்பி செத்துவிடும். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நான் வந்த முதல் மாதம் ஒரு சீனியர் சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தான். சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றான். பலரும் செய்வார்களாம், யாரும் பேச மாட்டார்களாம். அந்த நேரத்தில் யாராவது அடித்தால் அது காற்றில் போய்விடும். திருப்பிச் சரியாகப் போட்டாலும் பழையது வந்து சேராது. எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும்.

சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கலாமே என்றால், அதிர்வது தெரியும். தெரிந்தும் போகாமல் இருக்கும் தைரியம் எனக்கில்லை. தெரியாமல் செய்துகொள்ளும் தைரியம்தான் இருந்தது.

2.06க்கு அழைப்பு, 2.19க்கு முடிந்தது. என் போனில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். மிதுலா எனக்கும் ஒரு துண்டு என்று திரைக்கு நேரே கேக்கை நீட்டினாள். அத்தை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், எல்லோரும் ஊட்டிவிட்டார்கள். எல்லோரிடமும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

2.19க்குப் பாட்டரியைச் சரியாகப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கத்தவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

முதல் அழைப்பு 2.08க்கு. அப்போதே போயிருந்தால் ஹாலிவெல் பிழைத்திருப்பாரா? ரத்தம் ஏற்றியிருப்பேன், அறுவை டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பதினேழு நாள் ஓட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மதியம் உணவகத்தில் சுஜா அக்கா என்னைத் தேடி வந்தார். டப்பாவில் அவித்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும். எனக்குத்தான். வேலை போகிற நிலையில் எனக்குக் கிழங்கு அவித்துக்கொண்டு வருகிறார்.

"நான் ஒப்புப் போட்டாச்சு மக்களே. நேத்து."

"எதுக்குக்கா?"

"நம்பர மாத்தி அடிச்சிருப்பேன்னு. நர்ஸ் சங்கத்து வக்கீலம்மா சொன்னா, அடிச்சேன் அடிச்சேன்னு சாதிச்சா கள்ளம் சொன்னதா எடுப்பாவளாம், லைசென்ஸே போயிரும். கைப்பிழைன்னா எச்சரிக்கையோட விட்டுருவாவளாம். வார்டுக்கு மட்டும் ரெண்டு வருசத்துக்குப் போவப்பிடாது."

"நீங்க சரியாத்தானேக்கா அடிச்சீங்க?"

அவர் சம்மந்தியைக் கிழங்கில் தடவிக்கொண்டே இருந்தார். "அப்பிடித்தான் நெனச்சேன். ஆனா ராவும் பகலும் யோசிச்சு யோசிச்சு, இப்போ எனக்கே ஒறப்பில்ல. நானூத்திப் பதினேழுன்னு நெனச்சு நானூத்தி எழுபத்தொண்ணுன்னு அடிச்சனோ என்னமோ. மூணு மட்டமும் பிழைக்குமா? வயசு அம்பதாவப் போவுதுல்லா. இனி உனக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, கேட்டியா. தின்னு."

தின்றேன். எப்படித் தின்றேன் என்று தெரியவில்லை. தன் விரலையே நம்பாமல் ஆகிவிட்டார். பத்தொன்பது வருடம் ஊசி போட்ட விரல்.

மார்ச் 1, சனி

ஒப்பந்தம் இரண்டு வருடம் நீட்டிப்பு. கடிதம் வந்துவிட்டது. மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

சுஜா அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் தடவை. சமையலறையில் உட்கார வைத்து, கட்டன் காபி போட்டார். சுவரில் ஏசு படம், பக்கத்தில் பையனின் பள்ளிப் பரிசு. நான் சுற்றி வளைக்கவில்லை. பாட்டரி, பிறந்த நாள், 2.06, 2.19, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கையிலிருந்த கரண்டியை அவர் கீழே வைத்தார்.

"ரெண்டு பதினேழுக்கும் பேசிட்டா இருந்த?"

"ஆமாக்கா."

"அப்போ நம்பர் சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

"சரியாத்தான் அடிச்சீங்க."

அடுப்பை அணைத்தார். "ரெண்டு பதினேழுக்கு அவரு கட்டில்ல கெடந்து என்னப் பாத்துக் கைய ஆட்டினாரு. நான் போனும் கையுமா நின்னு, இப்போ வாறேன்னு திருப்பி ஆட்டினேன். நீ விளிச்சா எடுக்கணுமே. விட்டுட்டுப் போயிருந்தா அவருக்கக் கையையாவது பிடிச்சிருப்பேன்."

அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை.

"இத நீ ஒரு வாரம் முந்தி சொல்லியிருந்தா நான் ஒப்புப் போட்டிருக்க மாட்டேன். அண்ணைக்குப் போட்டது அறியாம போட்டது. இப்போ அறிஞ்சாச்சுல்லா? இனி நான் வாயத் தொறந்து மிண்டாம இருந்தா எனக்கதும் பொய்யாக்கும். நீ உனக்குப் பாரம் கொறயட்டும்னு வந்து எனக்கத் தலையில எறக்கி வச்சிட்டு நிக்க."

அது உண்மை. சொன்னால் மனசு லேசாகும், அக்கா கட்டிப்பிடித்து மன்னித்துவிடுவார், அப்புறம் இருவரும் சேர்ந்து ஏதாவது வழி பார்க்கலாம் என்று நம்பித்தான் போனேன். வெட்கமாக இருக்கிறது.

"என்ன பண்ணணும்னு சொல்லுங்கக்கா."

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "அத எங்கிட்டக் கேக்காதீங்க. நீங்க போங்க டாக்டர்."

ஒன்றரை வருடத்தில் வார்டுக்கு வெளியே அவர் என்னை டாக்டர் என்று கூப்பிட்டதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு ஹெலன் அறைக்குப் போனேன். எழுதிக்கொண்டு போயிருந்தேன், ஒன்றரைப் பக்கம். போனில் அந்த அழைப்பின் நேரத்தையும் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "இதன் விளைவு தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றேன்.

இன்றே பணியிலிருந்து நிறுத்தம். ஒப்பந்த நீட்டிப்பு ரத்து. மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், கூப்பிடும்போதெல்லாம் நேரில் வர வேண்டும். அதுவரை டாக்டராக வேலை செய்யவும் முடியாது. விசா என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. ஹாலிவெல்லின் மகளுக்குக் கடிதம் போகும். சுஜா அக்காவின் ஒப்புதலைக் கிழித்துவிடுவார்களா என்று கேட்டேன். அக்கா அடுத்த வாரமே வார்டுக்குத் திரும்பலாம் என்றார் ஹெலன்.

நிம்மதியாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்களே, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது. அறைக்கு வந்து சோறு வடித்தேன். சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவிவைத்தேன்.

சுஜா அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

மார்ச் 5, புதன்

மாமாவிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நாந்தான் அன்னைக்கு வச்சுராத, இன்னும் ரெண்டு பேரு ஊட்டோணும்னு சொன்னேன்" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அம்முணிகிட்ட என்னன்னு சொல்றது?"

"நானே சொல்றேன். போனக் குடுங்க மாமா."

மிதுலா பள்ளிச் சீருடையோடு வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. அதை முதலில் காட்ட வேண்டும், காட்டினாள். பார்த்தேன்.

"ம்மா, நாங்க எப்ப அங்க வர்றோம்?"

"இப்ப வர முடியாது கண்ணு. அம்மா ஆஸ்பத்திரில ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

திரையின் ஓரத்தில் மாமாவின் கை தெரிந்தது. அது அசையாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வார்த்தை மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை எந்த வயதிலும், எந்த நாளிலும், தன் கேக்கை நினைத்துக்கொள்ளக் கூடாது.

"வேலை நேரத்துல தூங்கிட்டேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். "நானும் கிளாஸ்ல தூங்கினேன். மிஸ் போய் மூஞ்சி கழுவிட்டு வரச் சொன்னாங்க. நீ கழுவுனியா?"

"கழுவிட்டேன் அம்முணி."

"அப்ப சரி." பல் விழுந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நீ வராட்டி பரவால்ல. அடுத்த பொறந்த நாளுக்கும் போன்லயே வந்துரு. இந்த வாட்டி மாதிரியே, நடுவுல ஓடாம."

வருகிறேன் என்று சொன்னேன்.